அம்மாவின் எலும்பு ஸ்கேனும் 2 லட்சம் ஆண்டு பயமும்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 63 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து நன்றாக இருந்தார். இரண்டு மாதமாக நடுமுதுகில் வலி, இரவில் அதிகமாகிறது. எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு டெக்னீசியம் என்ற கதிரியக்க ஊசி போடுவோம் என்கிறார்கள். தேடிப் பார்த்தேன். டெக்னீசியம்-99 என்ற உலோகத்தின் அரை ஆயுள் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகளாம், அணுக்கழிவில் இருக்கிற பொருளாம். அது எலும்பில் போய் ஒட்டிக்கொண்டால் காலம் முழுக்கக் கதிர் வீசிக்கொண்டே இருக்காதா? என் 10 மாதக் குழந்தை எப்போதும் பாட்டி மடியில்தான் இருக்கும். உறவினர் ஒருவர் தைராய்டுக்குக் கதிரியக்க மருந்து சாப்பிட்டபோது அவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். அம்மாவையும் அப்படிப் பிரித்து வைக்க வேண்டுமா? பேசாமல் ஸ்கேனைத் தள்ளிப்போட்டு விடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. மார்பகப் புற்றுநோய் வந்து போன ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, அது இரண்டு மாதமாகியும் விடாமல் இரவில் கூடுகிறது என்றால், அதன் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இன்னொன்று. இடையில் அம்மாவுக்குக் கால் மரத்துப்போனாலோ, நடக்கும்போது கால் பலமிழந்து மடங்கினாலோ, சிறுநீர் கழிப்பதிலோ மலம் போவதிலோ கட்டுப்பாடு தவறினாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தண்டுவடம் அழுத்தப்படுவதற்கு அவை அறிகுறி. அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய்யில்லை. டெக்னீசியம்-99இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள்தான். ஆனால் அம்மாவுக்குப் போடப்போவது டெக்னீசியம்-99எம். கடைசியில் இருக்கும் அந்த 'எம்' என்ற ஒற்றை எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த விஷயத்தில் எல்லாமே அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

டெக்னீசியம் தனிம அட்டவணையில் 43ஆம் இடத்தில், மாங்கனீசுக்கு நேர் கீழே இருக்கிற உலோகம். அதன் எந்த அணுவை எடுத்தாலும் கருவில் 43 புரோட்டான்கள் இருக்கும். நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறும், அப்படி மாறுகிறவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டி வருகிற எண்தான் பெயரோடு ஒட்டி நிற்கும்: 54 நியூட்ரான் இருந்தால் 97, 55 இருந்தால் 98, 56 இருந்தால் 99. இந்த உலோகத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதன் ஐசோடோப்புகளில் ஒன்றுகூட நிலையானது இல்லை. 97, 98 இரண்டும்தான் அதிக ஆயுள் உள்ளவை; அவற்றின் அரை ஆயுளே 42 லட்சம் ஆண்டுகளை ஒட்டித்தான் வரும். பூமியின் வயதோடு பார்த்தால் அது கண் சிமிட்டும் நேரம். அதனால் பூமி உருவானபோது இருந்த டெக்னீசியம் எல்லாம் எப்போதோ சிதைந்து போய்விட்டது. மெண்டலீவ் 1871இலேயே மாங்கனீசுக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்தார். 1937இல்தான் அது நிரம்பியது. அமெரிக்காவின் பெர்க்லியில், இயற்பியலாளர் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற அணுத்துகள் முடுக்கிக்குள் மாதக்கணக்கில் அடிபட்டுக் கிடந்த ஒரு மாலிப்டினத் தகடு, இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தது. எமிலியோ செக்ரேயும் கார்லோ பெர்ரியேவும் அதைப் பகுத்துப் பார்த்து, மனிதர் முதன்முதலாகச் செயற்கையில் உண்டாக்கிய தனிமத்தைக் கண்டார்கள். 'செயற்கையானது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பிறகு அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு செக்ரேயும் கிளென் சீபோர்கும் கண்டுபிடித்ததுதான் உங்கள் அம்மாவுக்குப் போடப்போகும் 99எம்.

99க்கும் 99எம்முக்கும் ஒரு நியூட்ரான்கூட வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் 43 புரோட்டான், 56 நியூட்ரான். 99எம் அணுவின் கருவில் மட்டும் கொஞ்சம் ஆற்றல் மிச்சமாகத் தங்கியிருக்கும். இப்படி ஆற்றல் மிகுந்து நிற்கும் அணுக்கருக்கள் பெரும்பாலும் அதை நொடியின் கோடியில் ஒரு பங்குகூடத் தாமதிக்காமல் வெளியே தள்ளிவிடும். இது மட்டும் தயங்கித் தயங்கி விடுகிறது. நூறு அணு இருந்தால் ஐம்பது அணு அந்த ஆற்றலை விடுவதற்குச் சரியாக ஆறு மணி நேரமாகிறது. அந்தத் தயக்க நிலைக்கு மெட்டாஸ்டேபிள் என்று பெயர், 'எம்' வந்தது அதிலிருந்துதான். விடும்போது வெளியே வருவது பெரும்பாலும் ஒரே ஒரு காமா கதிர், 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு. உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதற்கு அது போதும். வெளியே நிற்கும் கேமராவின் படிகத்தில் பட்டு நிற்கவும் தோதான அளவு அது. திசுக்களை அதிகமாகத் தாக்கக்கூடிய பீட்டா துகள் கிட்டத்தட்ட இல்லை. நோயைப் பார்ப்பதற்கென்றே அளந்து செய்தது போன்ற ஒரு பொருள். இத்தனை ஆண்டுகள் இதோடு வேலை செய்த பிறகும் எனக்கு அந்த வியப்பு குறையவில்லை.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். 'ஆற்றலை விட்ட பிறகு அது 99ஆகத்தானே மாறும்? அந்த 2 லட்சம் ஆண்டுக்காரன் அப்போது உடம்பில்தானே இருப்பான்?' ஆமாம், மாறும். நியாயமான கேள்வி. இதற்குச் சும்மா 'பயப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்பினால் சரியில்லை, கணக்கே போட்டுக் காட்டுகிறேன்.

பெரியவர்களுக்கு எலும்பு ஸ்கேனுக்காகப் போடும் அளவு பொதுவாக 740 மெகாபெக்கெரலை ஒட்டி இருக்கும். அதாவது ஊசி போடும் அந்தக் கணத்தில் நொடிக்கு 74 கோடி அணுக்கள் ஆற்றலை விடுகின்றன. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஆறு மணி நேர அரை ஆயுளை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்த ஊசியில் உள்ள 99எம் மொத்தமும் ஒரு கிராமை 25 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். இப்போது அவை அத்தனையும் 99ஆக மாறி, ஒன்றுகூட வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த 99 நொடிக்கு எத்தனை முறை சிதையும் தெரியுமா? இரண்டு, அதிகம் போனால் மூன்று. ஊசி மருந்தில் தொடக்கத்திலேயே கொஞ்சம் 99 கலந்திருக்கும், அதையும் சேர்த்தால் பத்து, பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு இருக்கிறது. அது நொடிக்குச் சுமார் 4,000 முறை சிதைந்துகொண்டே இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும், உங்கள் குழந்தைக்கு அதன் எடைக்கேற்பவும். அதற்குப் பக்கத்தில் இந்தப் பத்தும் பதினைந்தும் எங்கே நிற்கும்?

அரை ஆயுள் நீளம் என்றால் ஆபத்தும் அதே அளவு அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே அளவு தண்ணீர் உள்ள இரண்டு தொட்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று ஆறு மணி நேரத்தில் பாதி காலியாகிறது, குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும். இன்னொன்று பாதியாவதற்கு 2 லட்சம் ஆண்டு ஆகிறது, அதில் சொட்டுச் சொட்டாகக்கூட வராது. எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது, நீண்ட அரை ஆயுள் என்பது மிக மெதுவான சிதைவு என்றுதான் அர்த்தம். அணுக்கழிவில் இதே 99 கவலைக்குரிய பொருளாக இருப்பதற்குக் காரணம் வேறு. யுரேனியம் பிளக்கும்போது நூற்றுக்கு ஆறு என்ற கணக்கில் அது உண்டாகிறது, அங்கே அது கிலோ கணக்கில் சேர்கிறது, நிலத்தடி நீரில் எளிதாகக் கரைந்து நகரவும் செய்யும். அங்கே பேச்சு கிலோவில், இங்கே கிராமின் 25 கோடியில் ஒரு பங்கில்.

இது ஒட்டுமொத்தமாக எலும்பிலேயே தங்கிவிடுவதும் இல்லை. டெக்னீசியத்தைத் தனியாக ஊசி போட்டால் அது எலும்புக்குப் போகாது, அயோடினைப் போல நடந்துகொண்டு தைராய்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வயிற்றுக்கும் போகும். தைராய்டு ஸ்கேன் எடுப்பது அந்தக் குணத்தை வைத்துத்தான். எலும்புக்கு அனுப்ப அதை ஒரு வண்டியில் ஏற்ற வேண்டும். எம்டிபி என்று சுருக்கிச் சொல்கிற மெத்திலீன் டைபாஸ்போனேட்தான் அந்த வண்டி. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே குடும்பம்தான். எங்கெல்லாம் எலும்பு புதிதாகத் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் இது போய் ஒட்டும். ஏறக்குறைய பாதி எலும்பில் தங்கும், மீதி சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். வண்டியை மாற்றினால் போகும் இடமும் மாறும். செஸ்டமிபி என்றால் இதயத் தசை, டிஎம்எஸ்ஏ என்றால் சிறுநீரகம், ஆல்புமின் துகள் என்றால் நுரையீரல். உலோகம் அதேதான், கேமராவும் அதேதான். உலகில் அணு மருத்துவத்தில் நடக்கும் பரிசோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு இந்த ஒரு ஐசோடோப்பை நம்பித்தான் நடக்கின்றன.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை எப்படிச் சேமித்து வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். சேமிப்பதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் கறக்கிறோம். எங்கள் துறையில் 'பால் கறப்பது' என்றேதான் அதைச் சொல்வார்கள். அணு உலையில் செய்த மாலிப்டினம்-99, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அலுமினாத் தூளோடு ஒட்டிக்கொண்டு வரும். அதன் அரை ஆயுள் 66 மணி நேரம், அது சிதைந்துகொண்டே வந்து 99எம்மைப் பெற்றுக்கொண்டே இருக்கும். காலையில் ஒரு பக்கம் சலைன் பாட்டிலைச் சொருகி, மறுபக்கம் வெற்றிடமாக்கிய பாட்டிலைச் சொருகினால், சலைன் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு வரும். மாலிப்டினம் தூளைவிட்டு நகராது, டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வரும். பாட்டிலில் சேர்வது நிறமே இல்லாத நீர், பார்த்தால் வெறும் உப்புத் தண்ணீர்தான். கறந்த பிறகு ஏறத்தாழ ஒரு நாள் விட்டால் மறுபடி நிறைந்துவிடும். இந்த ஈயக் கவசப் பெட்டி எங்களிடம் வந்து ஒரு வாரத்தில் மாலிப்டினம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால் அடுத்த பெட்டி வர வேண்டும். இந்த முறையை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் உருவாக்கினார்கள்.

கறந்தவுடன் நேராக ஊசியில் ஏற்றிவிட மாட்டார்கள். அந்தப் பாட்டிலை ஒரு தடித்த ஈயக் கூட்டில் வைத்து அளப்போம். டெக்னீசியத்தின் காமா ஈயத்தில் நின்றுவிடும். மாலிப்டினத்தின் வலுவான காமா மட்டும் வெளியே வரும். அப்படி அளவை மீறி ஏதாவது வந்தால் தூளிலிருந்து மாலிப்டினமும் கசிந்து வந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பாட்டிலை அப்படியே ஒதுக்கிவிடுவோம். பிறகுதான் எம்டிபி இருக்கும் குப்பி. அதில் வெள்ளைத் தூள், கூடவே கொஞ்சம் வெள்ளீய உப்பு. அந்த உப்புதான் டெக்னீசியத்தை வண்டியில் ஒட்ட வைக்கும் பசை. குப்பிக்குள் காற்று புகுந்தால் அந்தப் பசை கெட்டுவிடும், அதனால் ஊசியில் ஒரு குமிழிகூட உள்ளே போகாமல் பார்த்துப் பார்த்துச் செலுத்துவோம். அம்மாவின் பெயரில் வரும் ஊசிக்குப் பின்னால் இவ்வளவு கவனம் இருக்கிறது.

ஆகவே அந்த ஊசியை அம்மாவுக்குக் கொடுத்த நேரத்துக்கென்றே தயாரித்திருப்பார்கள். வரவில்லை என்றால் எடுத்து வைக்க முடியாது. 2009–10இல் கனடாவிலும் நெதர்லாந்திலும் இந்த மாலிப்டினத்தைச் செய்துவந்த இரண்டு பழைய உலைகள் பழுதால் நின்றபோது, உலகெங்கும் மருத்துவமனைகள் ஸ்கேன்களைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. கிடைக்கிற நாளில் எடுத்துவிடுவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

கதிர்வீச்சின் அளவைப் பார்ப்போம். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம். இந்த ஸ்கேனில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் எப்படியும் வரப்போவது ஒரே நாளில் வருகிறது. அதைப் பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணமில்லாமல் யாருக்கும் இந்த ஸ்கேனை எழுதவும் மாட்டேன். ஆனால் அம்மாவின் நிலைமையில் தெரியாமல் இருப்பதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிது.

உறவினரைத் தனி அறையில் வைத்தது வேறு கதை. அவருக்குக் கொடுத்தது அயோடின்-131. அதன் அரை ஆயுள் எட்டு நாள், பீட்டா துகளையும் வீசும். தைராய்டு செல்களை அழிப்பதற்கென்றே பெரிய அளவில் கொடுப்பார்கள். அது சிகிச்சை, அம்மாவுக்கு நடப்பது படம் எடுப்பது மட்டும். பெயர் ஒன்று போல 'கதிரியக்க மருந்து' என்று இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளத் தோன்றும். அம்மாவைத் தனி அறையில் வைக்க வேண்டியதே இல்லை.

குழந்தை விஷயத்தில் மட்டும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அன்று பாட்டி மடியில் மணிக்கணக்கில் தூங்க வைக்க வேண்டாம். தூக்கிக் கொஞ்சி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உங்களிடம் கொடுத்துவிடட்டும். இரவு வேறு படுக்கையில் படுக்கட்டும். 24 மணி நேரத்தில் நான்கு அரை ஆயுள் கடந்திருக்கும். பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரில் போனதையும் கழித்தால் அதைவிடக் குறைவு. மறுநாளிலிருந்து எப்போதும் போல மடியில் இருக்கலாம். நீங்களோ வீட்டில் வேறு யாராவதோ கர்ப்பமாக இருந்தால் அன்று துணைக்கு வர வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், பாதிப் பயம் போய்விடும். கையில் சாதாரண ஊசி, அவ்வளவுதான், உடம்பில் சூடோ படபடப்போ தெரியாது. அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். சிறுநீர்ப்பைக்குப் போகும் கதிர் குறையும், படமும் தெளிவாக வரும். (இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வேறு சிகிச்சை நடந்து தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) படுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை போய் வரட்டும். ஆடையில் சிறுநீர் ஒரு சொட்டுப் பட்டிருந்தாலும் படத்தில் அது இடுப்பெலும்பில் இருக்கும் புள்ளி மாதிரித் தெரியும், அதைப் பார்த்து நாங்கள் குழம்பியிருக்கிறோம். சங்கிலி, வளையல், உலோகக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றி விடலாம். கேமராவின் தட்டு முகத்துக்கு மிக அருகில் வரும், மூச்சு முட்டுவது போல இருக்கலாம், தொடாது. அந்த இயந்திரம் எந்தக் கதிரையும் வீசாது. அம்மாவின் உடம்பிலிருந்து வருவதைப் பிடித்து வாங்கிக்கொள்வதோடு சரி. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதுகுவலியோடு அது கஷ்டம், அதனால் வழக்கமாகச் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொஞ்சம் முன்னதாகவே சாப்பிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

படம் வந்ததும் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். கறுப்பாகத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் புற்றுநோய் இல்லை. எலும்பு எங்கே தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே இந்த ஸ்கேன் சொல்லும். ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவும் தேய்ந்த மூட்டும் கறுப்பாகத்தான் தெரியும். அம்மா வயதில் முதுகெலும்பிலும் முழங்காலிலும் ஒன்றிரண்டு புள்ளி இல்லாத படமே அபூர்வம். அம்மா எப்போதாவது விழுந்ததுண்டா, பழைய எலும்பு முறிவு உண்டா, மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்பதையெல்லாம் ஊசி போடும்போதே சொல்லிவிடுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் படத்தோடு எடுத்துப் போங்கள், அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் போதாது. நான்கு ஆண்டுக்கு முன்பே அதே இடத்தில் அதே புள்ளி இருந்திருந்தால் முடிவே மாறிவிடும்.

'சந்தேகத்துக்கிடமான புள்ளி' என்று எழுதி வந்தால், அந்த இடத்துக்கு மட்டும் சிடியோ எம்ஆர்ஐயோ எடுக்கச் சொல்வார்கள். அது வழக்கமான அடுத்த படிதான், அந்த வார்த்தையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிடாதீர்கள். ஒருவேளை எலும்பில் பரவியிருக்கிறது என்றே தெரிந்தாலும், வலியைக் குறைக்கவும் எலும்பைத் தாங்கவும் நோயை நீண்ட நாள் கட்டுக்குள் வைக்கவும் இன்று நிறைய வழி உண்டு. முதுகெலும்பு நொறுங்குவதற்கு முன் தெரிந்துகொண்டால்தான் அதெல்லாம் முழுமையாகப் பயன்படும். அறிக்கை கையில் வந்ததும் எழுதுங்கள். அதில் புரியாத வரிகளை அப்படியே எழுதி அனுப்பினால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.